காலி அரங்கில் ஒரு புத்தாண்டுக் கச்சேரி

30 டிசம்பர் 2020, வியன்னா

வேலை முடிந்து கார்ல்ஸ்பிளாட்ஸ் வழியாக நடந்து வந்தேன். மூசிக்ஃபெராய்ன் இசை அரங்கின் வாசலில் ஈ காக்கை இல்லை. வழக்கமாக வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் புத்தாண்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். இந்த முறை கொரோனா ஊரடங்கு. யாருக்கும் கதவு திறக்காது. 1939-ல், நாஜி ஆட்சியில், போர்க்கால நிதிக்காகத் தொடங்கிய கச்சேரி இது. போர் நடந்த வருடங்களில்கூட எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் முதல்முறையாகக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாசிக்கப்போகிறார்கள்.

கேட்பவர்கள் வீட்டிலிருந்தே கைதட்ட இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். செய்துவிட்டேன்.

1 ஜனவரி 2021

காலை பதினொன்றே காலுக்குத் தொலைக்காட்சியை ஓசையின்றி வைத்துக்கொண்டு வானொலியைத் திருகினேன். பேச்சுக் குறுக்கீடு குறைவு. ஒலியும் சுத்தமாக இருக்கும்.

வாத்தியக் குழுவை நடத்தும் ரிக்கார்டோ மூட்டிக்கு இது ஆறாவது புத்தாண்டுக் கச்சேரி. எழுபத்தொன்பது வயது. இசையமைப்பாளர் சூப்பேயின் அணிவகுப்பு இசை முடிந்ததும் அவர் கையை இறக்கினார். எந்தச் சத்தமும் இல்லை. அந்த இரண்டு மூன்று வினாடி எனக்கு நெஞ்சைப் பிசைந்தது. யோசெஃப் ஸ்ட்ராஸின் ‘கவலையின்றி’ என்ற போல்கா நடன இசையில் வாத்தியக்காரர்களே வாய்விட்டு ‘ஹா ஹா ஹா’ என்று சிரிக்க வேண்டும். வழக்கமாக அரங்கமும் கூடச் சேர்ந்து சிரித்துவிடும். இன்று அவர்கள் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பியது. இறப்பதற்கு முந்தைய வருடம், 1869-ல், அவர் எழுதியது அது.

ஆனால் இரண்டாம் பாதியில் எல்லாம் மாறிவிட்டது. சூப்பேயின் ‘கவிஞனும் குடியானவனும்’ முன்னிசையில் ஹார்ப் பின்னணியோடு செல்லோ தனியாகப் பாடுகிற இடம் வருகிறது. வில் திசை மாறும்போது உண்டாகும் மிக மெல்லிய உராய்வு காதில் விழுந்தது. இருமல் இல்லை, நாற்காலி முனகல் இல்லை. ஆட்கள் நிறைந்திருந்தால் தங்க மண்டபம் என்று பெயர்பெற்ற அந்த அரங்கில் ஓசை அடங்கச் சுமார் இரண்டு வினாடி ஆகும். காலியாக இருந்தால் மூன்று. துணியும் உடம்பும் உறிஞ்சிக்கொள்ளும் ஒலி இன்று முழுதாக அங்கேயே சுற்றியது. இத்தனை வருடம் கேட்டும் செல்லோவின் அந்தக் கடைசி இழையை நான் இதுவரை கேட்டதில்லை.

முதல் பாதி முடிவிலும் கச்சேரி முடிவிலும் சுமார் 7,000 பேரின் கைதட்டல் ஒலிபெருக்கி வழியாக அரங்கில் கேட்டது. வாத்தியக்காரர்கள் எழுந்து காலி இருக்கைகளைப் பார்த்து நின்றார்கள். நானும் தட்டினேன். என் சத்தம் அதில் எங்கோ இருந்திருக்கும்.

‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் இசைக்கு முன் மூட்டி பேசினார். இசை வெறும் தொழில் அல்ல, கடமை என்றார். உடல்நலத்தோடு மனநலமும் முக்கியம், அரசுகள் கலையைக் கைவிடக் கூடாது என்றார். தியேட்டர்கள் பூட்டிக் கிடக்கும் நகரத்தில் ஒருவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னதற்கு நன்றி.

2 ஜனவரி

மேல்மாடியில் இருக்கும் அம்மையாரை மாடிப்படியில் பார்த்தேன். முகக்கவசத்தோடு நாலு படி தள்ளி நின்று பேசினார். வில்லி போஸ்கோவ்ஸ்கி வயலினைக் கையில் வைத்துக்கொண்டே வாத்தியக் குழுவை நடத்திய காலத்திலிருந்து கேட்டு வருகிறவர். “கடைசியில் ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசை தொடங்கியதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். கைதட்டல் இல்லாமல் அதை என்னால் பார்க்க முடியாது” என்றார். கண் கலங்கியிருந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு நேர்மாறாக இருந்தது. எல்லா வருடமும் பார்வையாளர்களின் தாளம் தட்டும் கைகளுக்கு அடியில் மூழ்கிவிடும் சிறுமுரசு நேற்றுதான் தெளிவாகக் கேட்டது. 1848-ல் ஒரு போர் வெற்றிக்காக யோசெஃபின் அப்பா மூத்த ஸ்ட்ராஸ் எழுதியது அந்த அணிவகுப்பு. கைதட்டல் விலகியதும் அது ராணுவ இசை என்பது உறைக்கிறது. எனக்குச் சற்று அச்சமாகவும் இருந்தது.

3 ஜனவரி

அக்கா மயிலாப்பூரிலிருந்து அழைத்தாள். அங்கே மாலை மூன்றே முக்கால் மணிக்கு இணைய வானொலியில் கேட்டிருக்கிறாள். இந்த மார்கழியில் சபா கச்சேரிகளும் இணையத்துக்குப் போய்விட்டதால் அவளுக்கு இது பழகிய ஏக்கம்.

“உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாட்டு முடிந்த பிறகுதான் கைதட்டல் போகிறது. எங்களுக்குப் பாட்டு நடக்கும்போதே போகிறது. நிரவலில் ஒரு நல்ல பிடி விழுந்தால் முன்வரிசையிலிருந்து ‘பலே’ வரும், பாடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறுவார். இந்த வருடம் ஏற யாருக்கும் ஏணி இல்லை” என்றாள்.

“அக்கா, அந்தச் செல்லோவைக் கேட்டாயா?”

“கேட்டேன். நீ சொல்வது புரிகிறது. ஆனாலும் அவர்கள் எழுந்து நின்றபோது அந்த 7,000 பேர் தட்டியிராவிட்டால் நான் அழுதிருப்பேன்.”

இரண்டு பேரும் மேற்கொண்டு வாதாடவில்லை. ஒலிப்பதிவுக்குக் காலி மண்டபம் நல்லது, கலைஞருக்கு அது கொடுமை. நான் பெற்ற மூன்று வினாடிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

5 ஜனவரி

அடுத்த புத்தாண்டுக் கச்சேரியை நடத்தப்போவது டேனியல் பாரன்பாய்ம் என்று அறிவித்துவிட்டார்கள். அம்மையார் கதவைத் தட்டி, குலுக்கலுக்கு இணையத்தில் தன் பெயரையும் பதிந்து தர முடியுமா என்று கேட்டார். நிற்கும் இடம் கிடைத்தாலும் போதுமாம். இரண்டு பெயராகவே பதியப்போகிறேன்.