பொன்வண்டுச் சிறகு வைத்த கவுனும் ‘புதுசாக்கித் தருகிறோம்’ ஆட்களும்

மாமியார் வீட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த கவுன் ஒருவழியாகப் பெட்டிக்குள் போய்விட்டது. பாரிஸின் பழைய உடை நிறுவனமான வொர்த்தின் தையல், உடம்பு முழுக்க ஜரிகை, நடுநடுவே பொன்வண்டுச் சிறகு. 1903 டெல்லி தர்பார் நடன விருந்துக்கு, அன்றைய வைஸ்ராயின் மனைவி லேடி கர்சன் போட்ட மயில் கவுனும் இந்த வகைதான்: டெல்லியில் ஜர்தோசி என்னும் ஜரிகைப் பூவேலை, பாரிஸில் தையல். அது இப்போது இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. எங்களுடையது அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனாலும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதலில் கேட்டது ஊரில் பேர்போன ஒரு டிரை கிளீனரிடம். கவுண்டரில் இருந்த பெண் கருத்த ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பாலிஷ் போட்டா பளபளன்னு ஆயிடும்” என்றார். பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளித் தகடு, அதன் மேல் மெல்லிய தங்க முலாம். பாலிஷ் போட்டால் கருப்போடு தங்கமும் போய்விடும். கவுனைச் சுருட்டாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்தவர் இன்னும் மோசம். நைந்த பட்டை வெட்டி எடுத்துப் புதுத் துணி வைப்பாராம், உதிர்ந்த சிறகுகளுக்குப் பதில் பிளாஸ்டிக் சமிக்கி தைப்பாராம். “சரி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்” என்றதும் பேச்சை மாற்றினார். எழுதித் தராதவரிடம் பழைய துணியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடைசியில் ஐகான் என்னும், பழம்பொருள்களைச் சிதையாமல் காக்கும் வல்லுநர்களின் பிரிட்டிஷ் அமைப்பின் பதிவேட்டில் தேடி ஒரு அம்மாவைப் பிடித்தேன். பிரிட்டனில் இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம். அவர் கவுனை மேசையில் படுக்கவைத்து, கையால் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். தோள் தையல் பிரிந்திருந்தது. ஜரிகைப் பாவாடையின் கனம் முழுவதையும் அந்த இரண்டு தோள்தானே தாங்கியது? உள்பட்டில் பிளேடால் கோடு போட்டது போல நீள நீளமாகக் கீறல். அந்தக் காலத்தில் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பில் முக்குவார்களாம். அது பட்டைத் தானாகவே உடைக்கிறது. தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டார். வலை வழியே மெதுவாகத் தூசி உறிஞ்சல், நிறம் பொருந்தச் சாயமேற்றிய நைலான் வலையைக் கீறல் மேல் வைத்து முடி போன்ற நூலில் தையல். விட்டுப்போன சிறகுகள் விட்டபடியே இருக்கும்.

மதிப்பீட்டைப் பார்த்ததும் கணவருக்கு மூச்சு நின்றது. நடிகை எலன் டெரி 1888-இல் லேடி மக்பெத்தாக அணிந்த பொன்வண்டுச் சிறகு உடையைச் சீராக்க 1,300 மணி நேரமும் 1,10,000 பவுண்டும் ஆனதைச் சொன்னேன். அப்புறம் எங்கள் பில் அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது.

கூரியரை நம்பாதீர்கள். பழம்பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்ற வரியைப் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். காரின் பின்சீட்டை மடித்துவிட்டு, படுக்கவைத்தே கொண்டுபோனோம்.

பெட்டி வாங்கும்போது கிடைப்பதில் நீளமானதை வாங்குங்கள், மடிப்பு குறையும். மடியும் இடத்தில் அமிலமற்ற டிஷ்யூவை உருட்டி வையுங்கள். அதிலும் காரம் (அமிலத்தை முறிக்கும் அல்கலி) சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு வகை உண்டு. பட்டுக்குச் சேர்க்காததுதான் சரி. கடைக்காரர்கள் நான் கேட்டதற்கு மாறாக அனுப்பிவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான் மேடம்” என்றார்கள். திருப்பி அனுப்பி, பணத்தையும் வாங்கினேன். அந்துருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது.

ஒரு லாபம்: இடுப்புப் பட்டையின் உள்ளே கையால் எழுதிய எண் ஒன்று கிடைத்தது. வொர்த்தின் புகைப்பட ஆல்பங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து அங்கே தேட வேண்டும். அதற்குள் வீட்டுக் காப்பீட்டுக்காரரோடு ஒரு சண்டை பாக்கி. அவருடைய பட்டியலில் கவுன் இன்னும் ‘பழைய துணிமணி’ தலைப்பில்தான் கிடக்கிறது.