புற்றுநோய்ப் படிவத்தில் ஆன்டிபயாட்டிக்குக் கட்டம் இல்லை

என் மாமியாருக்கு வந்தது இரைப்பையில் மால்ட் லிம்போமா. நிணநீர் அணுக்களில் தொடங்கும் இரத்தப் புற்றுநோய்களில் மெதுவாக வளரும் ரகம். எண்டோஸ்கோபி, திசுப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தடங்கல் இல்லாமல் முடிந்தன. மருத்துவர் எழுதித் தந்த முதல் சிகிச்சை: இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, 14 நாள். சண்டை அங்கேதான் பிடித்தது.

எங்கள் மெடிக்கல் எய்டில், அதாவது சிகிச்சைச் செலவை ஏற்கும் மருத்துவத் திட்டத்தில், புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு, தனிப் படிவம். கீமோதெரபிக்குக் கட்டம் இருக்கிறது, கதிர்வீச்சுக்குக் கட்டம் இருக்கிறது, அமாக்சிசிலினுக்கு இல்லை. "புற்றுநோய்க்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க மாட்டார்களே, டாக்டர் குறியீட்டைத் தவறாகப் போட்டிருப்பார்" என்று தொலைபேசியில் ஒரு பெண் எனக்குப் பாடம் நடத்தினார். சாதாரண மருந்துப் பிரிவைக் கூப்பிட்டால், "சி88.4 புற்றுநோய்க் குறியீடு, அங்கேயே கேளுங்கள்" என்றார்கள். இவர்களை நம்பி நோயாளியைக் காக்க வைக்க முடியுமா? சாட்ஸ்வொர்த்தில் ஒரு மருந்துக்கடையில் கைக்காசு கொடுத்து வாங்கி, அன்று இரவே மாத்திரையைத் தொடங்கிவிட்டோம். ரசீதில் நோய்க் குறியீட்டையும் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

இந்த நோயின் கதையே விசித்திரமானது. சாதாரணமாக இரைப்பைச் சுவரில் நிணநீர்த் திசு இருப்பதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் குடியிருந்தால் பி அணுக்கள், டி அணுக்கள் என்ற இரு வகை நிணநீர் அணுக்களும் அங்கே வந்து திரள்கின்றன. ஒவ்வொரு பி அணுவும் தன் மேற்பரப்பில் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தாங்கி நிற்கிறது. அது பற்றும் இலக்குதான் ஆன்டிஜென். இலக்கு ஓயாமல் தட்டுப்பட்டால் அணுவும் ஓயாமல் பெருகும். பெருகப் பெருக மரபணுவில் பிழைகள் சேரும். எனக்கு வியப்பாக இருந்தது இதற்கு அடுத்த சங்கதி. புற்றணுவின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் அந்தப் பாக்டீரியாவைக் குறிவைப்பதில்லையாம். உடம்பின் சொந்தப் புரதங்களைத்தான் பற்றுகிறதாம். பாக்டீரியாவை அடையாளம் காண்பவை பக்கத்தில் இருக்கும் டி அணுக்கள். அவை தரும் தூண்டுதலில்தான் புற்று வளர்கிறது. பாக்டீரியாவை ஒழித்தால் அந்தத் தூண்டுதல் நின்றுபோகிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு பேருக்கு இப்படிச் சிகிச்சை அளித்ததில் ஐந்து பேருக்குப் புற்று மறைந்தது. இரைப்பையைத் தாண்டிப் பரவாத நிலையில் இன்று இதுதான் வழக்கமான முதல் சிகிச்சை.

இதையெல்லாம் அரைப் பக்கத்தில் கடிதமாக எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டேன். 1998-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டத்தின் கீழ் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நோய்களின் பட்டியலில் லிம்போமா இருக்கிறது என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். கடிதம் போய்ச் சேர்ந்ததும் தொனியே மாறிவிட்டது. அதுவரை வாய் கிழியப் பேசியதற்குப் பலன் ஒன்றுமில்லை. ஆகவே முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, காணாமல் போன ஓர் அறிக்கை. 11-ஆம் 18-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. மாறியிருந்தால் புற்று வெளித் தூண்டுதல் இல்லாமலே வளரும். ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் பலிக்காது. அத்தையின் திசு இருந்த மெழுகுக் கட்டி வேறு ஆய்வகத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது பார்த்தேன்: தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் கூடு, விளிம்பில் பென்சிலால் எழுதிய எண், மெழுகுக்குள் எள்ளைப் போலச் சில துணுக்குகள். மெழுகுக் கட்டி வந்துவிட்டது, அறிக்கை வரவில்லை. கடைசியில் அது எண்டோஸ்கோபி செய்த மருத்துவரின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. விண்ணப்பத்தில் இரண்டு மருத்துவர்கள் பெயரையும் எழுதியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. நல்லவேளை, மாற்றம் ஏதும் இல்லை என்றது அறிக்கை.

மிகவும் எரிச்சலூட்டியது சுவாசச் சோதனைதான். பாக்டீரியா ஒழிந்ததா என்று பார்க்க, அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து மூச்சைப் பிடித்துச் சோதிப்பார்கள். ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொன்னார்கள், காத்திருந்தோம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், வந்தோம். கவுன்ட்டரில் இருந்த பையன் அப்போதுதான் கேட்டான்: "ஆன்ட்டி, அமிலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" ஒமெப்ரசோல் தினமும் என்றார் அத்தை. அதை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமாம். இல்லையென்றால் பாக்டீரியா இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். நேரம் ஒதுக்கித் தந்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. அதோடு விட்டானா? "வேண்டுமானால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துவிடலாம்" என்றான். பாக்டீரியா செத்த பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். ஒழிந்ததா என்பதற்கு அது சாட்சியாகாது. வேண்டாம் என்றேன். "வாங்க மாப்பிள்ளை, முதலில் எங்கேயாவது இட்லி கிடைக்குமா பார்ப்போம்" என்று அத்தை எழுந்துவிட்டார்.

மறுமுறை முடிவு நன்றாகவே வந்தது: பாக்டீரியா இல்லை. ஆனால் அடுத்த எண்டோஸ்கோபியில் புற்றணுக்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. உடனே மெடிக்கல் எய்டிலிருந்து, சிகிச்சை தோற்றதா என்று கேட்டுக் கடிதம். பாக்டீரியா போன பிறகு புற்று முழுதாக மறைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருப்பதுதான் முறை என்று மருத்துவர் பதில் எழுதினார். உங்களுக்கும் இப்படிக் கடிதம் வந்தால் வீட்டில் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அத்தை அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்துக்குக் கொடுத்த காசு திரும்பிவிட்டது. சுவாசச் சோதனைக் கட்டணம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. திட்டத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மழுப்பினால் மருத்துவத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சிலுக்குப் போவேன்.