சீக்கிரம் காயும் சொல்யூஷன்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் லைனுக்கு நான் சூப்பர்வைசர். பசை என்று அங்கே யாரும் சொல்வதில்லை; சொல்யூஷன்தான். ஒரு மழைக்காலத்தில் புது டின் வந்தது. பழையதைவிடப் பாதி நேரத்தில் காய்ந்தது. மூக்கைத் துளைக்கும் நெடியும் இல்லை. இனிமேல் இதையே வாங்குங்கள் என்று ஸ்டோரில் போய்ச் சொன்னவன் நான். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்த வைத்ததும் நான்தான்.

சில மாதம் கழித்து, லைனில் இருந்த ஒரு அக்கா கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஒரு செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார். கழன்றதே தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும். அப்புறம் பூ கட்டும்போது விரலில் நார் நிற்கவில்லை என்றார். எங்கள் பக்கத்தில் கால் மரத்துப்போனால் முதலில் வரும் பயம் தொழுநோய்தான். வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்களாம். அது இல்லை. சுகரும் இல்லை. "என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டவர் மூன்றாவதாகப் பார்த்த நரம்பு டாக்டர்.

டின்னில் இருந்தது ஹெக்சேன், பசையைக் கரைத்து வைக்கும் திரவம். காய்கிறது, காய்கிறது என்று நாங்கள் மெச்சியதெல்லாம் அது காற்றில் ஏறி அவர்கள் மூச்சுக்குள் போனதைத்தான். உடம்பில் அது வேறொரு நச்சாக மாறி நரம்பிழைகளைக் கெடுக்கிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும். அதனால்தான் பாதத்தில் தொடங்கிக் கைக்கு வருகிறது. சீனாவின் சூச்சோவில் 2009-இல் ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்த வின்டெக் ஆலையில் 137 பேர் இதே ஹெக்சேனால் பாதிக்கப்பட்டார்கள். திரை துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் அதைக் கொடுத்ததும் சீக்கிரம் காயும் என்பதற்காகத்தான். படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

வேலையை விட்டபிறகும் இரண்டு மூன்று மாதம் அக்காவின் கால் தளர்ந்துகொண்டே போனது. இந்த நோய் அப்படித்தானாம், நச்சு நின்றாலும் கொஞ்ச காலம் ஏறிவிட்டுத்தான் இறங்கும். "விட்டும் ஏன் சார் மோசமாவுது?" என்று அவர் வீட்டுக்காரர் என்னைத்தான் கேட்டார். இப்போது நடக்கிறார், பின்வார் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு.

ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று போடச் சொன்னது ஆபீஸ். பேனா பிடிக்க வராததால் நான் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். எட்டாவது வரை படித்தவர்.