பூமியாக நின்றவன்

கடந்த மார்கழியில் எங்கள் புவியியல் மாஸ்டர் காலமானார் என்ற செய்தி ரொறன்ரோவுக்கு வந்தது. இயற்பெயரை எழுதினால் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. பட்டப்பெயரை எழுதினால் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு வெட்டிவிடும். ஆகவே மாஸ்டர் என்றே எழுதுகிறேன்.

பருவகாலங்களைப் படிப்பித்த அன்று அவர் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி மேசையில் வைத்துவிட்டு, "டேய் நெடுவல், வா இஞ்சை, நீதான் பூமி" என்று என்னைக் கூப்பிட்டார். தலையை 23½ பாகை சரித்தபடி நான் லாம்பைச் சுற்றி நடக்க வேண்டும். எந்த மூலைக்குப் போனாலும் தலை வாசலடிப் பூவரசின் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். தலை வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்த இடத்தில் வடக்கே கோடை, எதிர்ப்புறத்தில் மாரி. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்பதால் குளிருக்குத் தூரத்தைக் குற்றஞ்சொல்ல முடியாது என்பது கடைசி வாங்குக்காரருக்கும் விளங்கும்வரை, என்னை அவர் பல ஆண்டுகள் சுற்றவைத்தார். பள்ளியை விட்டு விலகும்வரை 'சரிஞ்ச பூமி' என்ற பெயர் எனக்கு நிலைத்தது. சென்ற கோடை ஒன்றுகூடலிலும் வகுப்புத்தோழர் ஒருவர் தம் பேரப்பிள்ளைக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும், நண்பகல் கழிந்து பத்து நிமிடமளவில் தடியொன்றை நட்டுப் பாருங்கள் என்று விடுமுறைக்கு முன் அவர் சொல்லி அனுப்பினார். அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் நட்டுப் பார்த்தேன். நிழல் இல்லை.

எங்கள் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசமே உண்டு. வாடைக்காற்றும் சோளகக்காற்றும் பெயர்வதைக் கொண்டுதான் காலம் மாறியதை அறிந்தோம். ரொறன்ரோவிலோ டிசெம்பர்ப் பகல் 9 மணித்தியாலங்கூட நிறையாது, ஜூன் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். மாஸ்டர் புத்தகத்தில் மட்டுமே கண்ட இந்த மாற்றத்துக்குள் நான் வாழ்நாளில் பாதியைக் கழித்திருக்கிறேன். ஆனால் பாண் தொழிற்சாலைக்குள் விடியுமுன் நுழைந்து இருட்டியபின் வெளியேறியவனுக்கு மாரிப் பகலின் நீளம் ஒரு செய்தியாகவே இருக்கவில்லை. நான் வர மனைவி வேலைக்குப் புறப்படுவார். ஒன்பது மணிவரை வெளிச்சம் நிற்கும் கோடை மாலைகளை வீட்டுக்கடனுக்காக மேலதிக நேர வேலைக்குக் கொடுத்தேன். மகள் பருவகாலங்களைப் படித்தது எந்த ஆண்டு என்பது எனக்குத் தெரியாது.

ஊருக்குப் போய்வந்த நண்பரிடம் மாஸ்டர் என்னை விசாரித்து, "மார்கழியிலை அங்கை எத்தினை மணிக்குப் பொழுதுபடுது எண்டு பார்த்து எழுதச் சொல்லு" என்றாராம். நாட்காட்டியில் பார்த்தே எழுதியிருக்கலாம். தம் மாணவன் கண்ணால் பார்த்ததையே அவர் கேட்டார் என்று தோன்றியதால், ஒரு விடுமுறை நாளுக்கென்று அதை ஒத்திவைத்தேன். அந்த விடுமுறைகளிலும் வேலை இருந்தது.

சங்கம் அவர் நினைவாகப் புவியியல் பரிசொன்றை நிறுவவிருக்கிறது. பரிசோடு பள்ளிக்கு ஒரு பூகோள உருண்டையையும் வாங்கிக் கொடுக்கும்படி செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் காலத்து உருண்டை அச்சு முறிந்து அலுமாரிக்குள் கிடந்ததால்தான் நான் சுற்றவேண்டி வந்தது. மாஸ்டர் இதை விரும்பியிருப்பாரா என்பது வேறு விடயம்.