அள்ளிய சேறு எங்கே போகும்?

சேற்றை அளப்பது எங்கள் வேலையில் சுலபமான பாதி. படகில் போய், குழாயை அடிமண்ணில் இறக்கி, மேலே எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எண்கள் வந்துவிடும். செம்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு. வரம்பைத் தாண்டிய இடங்களைச் சிவப்பில் காட்டி ஒரு வரைபடம் போட்டால் எல்லோருக்கும் விளங்கும். மற்றப் பாதிதான் தலையிடி. அந்தச் சேற்றை அள்ளினால் என்ன நடக்கும், யாருக்கு நடக்கும் என்று பார்ப்பது. அழுக்கை அகற்றுவது நல்ல காரியம்தானே, அதற்கு எதற்குத் தாக்க மதிப்பீடு என்று கேட்காத அதிகாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் வன்னிக்காரி. கரையோரத் திட்டங்களுக்கான சுற்றாடல் ஆய்வு அணிகளில் படிவு மாதிரி எடுப்பது என் வேலை. தமிழ் பேசத் தெரிந்தவள் என்பதால் ஊர்க் கூட்டங்களும் என் தலையில்தான். அண்மையில் பார்த்தது முல்லைத்தீவுப் பக்கம் களப்போடு ஒட்டிய ஒரு சின்னக் குடா. முடிவு இன்னும் வராததால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். நெடுங்காலமாகப் படகுகளைக் கட்டி நிறுத்துகிற இடம். எங்கள் பக்கத்து வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எரியாத எண்ணெய் தண்ணீரிலேயே கலக்கும். கழிவு எண்ணெய், பழைய பற்றரி, அறுந்த வீச்சு வலைகளின் ஈயக்குண்டு, மீன் வெட்டிய கழிவு எல்லாம் அடியில் படிந்திருக்கிறது. படகுப் பாதையை ஆழப்படுத்த வேண்டும், அப்படியே கெட்ட சேற்றையும் அகற்றிவிடலாம் என்பதுதான் திட்டம்.

மாதிரிக் குழாயை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் அந்த இடத்தின் கதை கொஞ்சம் தெரியும். மேலே தோல் போல மெல்லிய பழுப்புப் படை. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, விரலில் ஒட்டினால் சவர்க்காரம் போட்டும் லேசில் போகாது. கூழ்முட்டை நாற்றம். இன்னும் கீழே சாம்பல் நிறக் களி, இடையிடையே மட்டி ஓடு. அந்தக் கறுப்புப் படையில் ஒக்சிசன் இல்லை; அங்கே பக்டீரியாக்கள் உண்டாக்கும் சல்பைட்டு, ஈயத்தையும் செம்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கிளறாமல் விட்டால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் வாளி உள்ளே போனதும் கணக்கு மாறும். கறுப்புச் சேறு தண்ணீரில் இருக்கும் ஒக்சிசனைக் குடிக்கும், பிடித்து வைத்திருந்த உலோகத்தில் ஒரு பகுதியை விடும், நுண்துகள்கள் மிதந்து பக்கத்து நல்ல அடிமண்ணிலும் போய்ப் படியும். எவ்வளவு கவனமாக அள்ளினாலும் அடியில் ஒரு மிச்சப் படை தங்கும். அதனால்தான் மூடிய வாளி, கலங்கலை மறிக்கும் திரை, அள்ளிய இடத்தில் மேலே போட மணல் என்று செலவு கூடிக்கொண்டே போகிறது.

இந்தத் துறையில் எனக்குப் பாடப்புத்தகமாக அமைந்தது கலிபோர்னியாவின் சன் டியாகோ குடா. இரண்டு பெரிய கப்பல் கட்டும் தளங்களுக்கு முன்னால் செம்பு, பாதரசம், பழைய மின்சாதன எண்ணெய்களில் இருந்த பிசிபி (PCB) என்ற நச்சு இரசாயனம், கப்பல் அடிப்பூச்சில் இருந்து வந்த டிபிடி (TBT) என்ற நஞ்சு எல்லாம் சேறோடு கிடந்தன. அங்குள்ள நீர்த்தரக் கட்டுப்பாட்டுச் சபை 2012 மார்ச்சில் துப்புரவுக் கட்டளையைப் பிறப்பித்தது. அள்ள வேண்டிய அளவு ஏறக்குறைய 1,43,400 கனயார். அதற்குமுன் துப்புரவு வேலைக்கே முழு அளவில் சுற்றாடல் தாக்க அறிக்கை செய்தார்கள். குடாவை மாசுபடுத்தியது யார் என்பதற்கு நீண்ட வழக்காடல் வேறு பக்கம் நடந்தது. இந்த அறிக்கை சுத்தம் செய்வதன் பக்கவிளைவுகளை மட்டும் பார்த்தது. அங்கே கூடு கட்டும் சின்ன ஆலாக் குருவிகளுக்காக, குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். சேறு ஏற்றிய லொறிகள் எந்தத் தெருவால் போகும் என்பதும் பேசப்பட்டது. தளங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பாரியோ லோகன் என்ற, மெக்சிக்க வம்சாவளி மக்கள் அதிகம் வாழும் பகுதி. ஏற்கனவே தொழிற்சாலைப் புகைக்குள் இருக்கும் மக்கள் அவர்கள். குடாவைச் சுத்தமாக்கும் புகையையும் அவர்களே குடிக்க வேண்டுமா என்ற கேள்வியை நான் முதன்முதலில் அங்கேதான் வாசித்தேன்.

தொழிற்சாலைப் பாதரசம் மீன் வழியாக மக்களை நோயாளியாக்கிய ஜப்பானின் மினமாட்டா இன்னொரு வகை. 1977 முதல் 1990 வரை குடாவின் பாதரசச் சேற்றை உறிஞ்சி எடுத்தும், மிக மோசமான பகுதியை மண்போட்டு மூடியும் 58 ஹெக்டேயர் புதுநிலம் உண்டாக்கினார்கள். மாசுபட்ட மீன் வெளியே போகாமல் இருக்கக் குடா வாயில் கட்டிய வலைகளை அகற்றியது 1997இல். வேலை முடிந்து ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷத்தைத் திட்ட அட்டவணையில் போடச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் போடமாட்டார்கள். பெக்கோ திரும்பிப் போகும் நாளோடு அட்டவணை முடிந்துவிடும்.

சரி, நம் குடாவுக்கு வருவோம். கூட்டத்தில் நான் கலங்கல், ஒக்சிசன், திரை என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பினார். “அதெல்லாம் சரி பிள்ளை. அள்ளுற சேத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறியள்?”

திட்டத்தில் அதற்கு ஒரே ஒரு வரி இருந்தது: அரச காணி, வெறும் நிலம். வரைபடத்தில் அது வெறும் நிலம்தான். ஆனால் கோடையில் ஊர் மாடுகள் மேய்வது அங்கே. மாரியில் அங்கிருந்து வழியும் வெள்ளம் இறங்குவது ஒரு சிறு குளத்துக்கு. அதன் கீழே வீடுகள், மணற்பாங்கான கிணறுகள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. மேலேயிருந்து உப்புச் சேற்றுத் தண்ணீர் இறங்கினால் அது மீள எத்தனை மழை வேண்டும் என்று சொல்வது கடினம். அதைவிட மோசமானது, களப்புச் சேற்றில் இரும்புச் சல்பைட்டு இருக்கும். வெயிலில் காய்ந்து காற்றுப்பட்டால் கந்தக அமிலமாக மாறும். தண்ணீருக்குள் சாதுவாகக் கிடந்த உலோகம் அமிலத்தில் கரைந்து முதல் மழையோடு நடக்கத் தொடங்கும். அந்த ஐயாவுக்கு இரசாயனம் தெரியாது. முன்பு இறால் தொட்டிக்கு வெட்டிப்போட்ட சேற்றில் நெடுநாள் புல்லு முளைக்கவில்லை என்பது தெரியும். நான் அணிக்குள் வைத்த வாதம் முழுவதும் அவருடைய கேள்விதான். அமிலம் என்ற பெயரை மட்டும் நான் சேர்த்தேன்.

அப்புறம் டிப்பர். 1000 கனமீற்றர் சேறு என்றால் மூன்று கியூப் (ஏறக்குறைய எட்டரைக் கனமீற்றர்) டிப்பருக்கு ஏறக்குறைய 120 ஓட்டம், அதே அளவு வெறுமனே திரும்பி வரும் ஓட்டம். கிறவல் வீதி. தண்ணீர் வடிந்த சேறு வழியெல்லாம் சிந்தும், காய்ந்தால் தூசி. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், விடும் நேரம் ஓடக்கூடாது என்று எழுதினோம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்தக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். அந்த நாட்களில் வேலையே வேண்டாம் என்று ஊர் கேட்டது. எங்கள் படிவத்தில் “பண்பாடு” என்ற தலைப்பின் கீழ் தொல்பொருள் சின்னங்களுக்கு மட்டுமே இடம். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டித்தான் எழுத வேண்டியிருந்தது.

எந்த மாதத்தில் அள்ளுவது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. பொறியியலாளர்களுக்குக் கோடை வேண்டும்: வீதி காய்ந்திருக்கும், தண்ணீர் குறைவு, சேறும் கெதியாகக் காயும். ஆனால் கோடையில் களப்பு ஆழமற்றுச் சூடேறி, முகத்துவாரமும் மணலால் மூடிக் கிடக்கும். தண்ணீரில் இருக்கும் கொஞ்ச ஒக்சிசனையும் கிளறிய சேறு குடித்தால் மீன் மிதக்கும். கலங்கல் போக வழியில்லை. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் உடைத்தால் கலங்கல் கடலுக்குப் போய்விடும், ஆனால் அப்போதுதான் குஞ்சு இறால் உள்ளே வரும் காலம். நான் முகத்துவாரம் உடைத்து வெள்ளம் வடிந்த பின், தண்ணீர் ஓட்டம் இருக்கும்போதே சிறிது சிறிதாக அள்ளுவதைக் கேட்டேன். செலவு கூடும் என்றார்கள். கூடும்தான்.

இனி எழுதப் போவது கைநூலில் இல்லாத விஷயம். சன் டியாகோவில் குழாயை இறக்குமுன் அடியில் என்ன உலோகம் இருக்கும் என்று கேட்பார்கள். வன்னியில் நாங்கள் முதலில் கேட்பது வெடிக்காதது ஏதும் இருக்குமா என்று. 2009 மே வரை சண்டை நடந்த நந்திக்கடலும் முள்ளிவாய்க்கால் கரையும் தொலைவில் இல்லை. கண்ணிவெடி அகற்றுவோர் சரி என்று சொல்லாமல் குழாய் இறங்காது. சொன்ன பிறகும் குழாய் கல்லில் தட்டினாலே படகில் எல்லோரும் ஒருமுறை மூச்சைப் பிடிப்போம்.

மற்றது எலும்பு. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோதுதான் மனித எச்சங்கள் வெளிவந்தன. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. அதனால் மண் தோண்டும் எந்த வேலை என்றாலும் கூட்டத்தில் ஒரு அம்மா அதைக் கேட்பார். இந்தக் கூட்டத்திலும் கேட்டார், ஆனால் எல்லோர் முன்னாலும் இல்லை. முடிந்து நாங்கள் கதிரை அடுக்கும்போது வந்து, “ஏதும் கண்டா எங்களுக்குச் சொல்லுவியளோ?” என்றார். அதை அறிக்கையின் எந்த அத்தியாயத்தில் போடுவது என்பதில் அணியில் இழுபறி. சமூகத் தாக்கமா, சட்ட ஒழுங்கா, “எதிர்பாராத நிகழ்வுகளா”? நான் சமூகத் தாக்கத்திலேயே போட்டேன். எலும்பு தென்பட்டால் பெக்கோவை நிறுத்து, இடத்தைத் தொடாதே, பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவி என்பதை ஒப்பந்தக்காரரின் கடமைப் பட்டியலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். சேற்றை ஏற்றிப்போய்க் கொட்டிய பிறகு பார்ப்பது பிரயோசனமில்லை. ஆகவே வாளிக்கு வாளி பார்க்க ஒருவர் கரையில் நிற்க வேண்டும். அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று நிதிப் பிரிவு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான், அதற்குரிய வரியையும் செலவுத்திட்டத்தில் சேர்த்தாயிற்று.

அள்ளாமல் விட்டால் என்ன என்ற தெரிவையும் ஒழுங்காக எழுத வேண்டும். பல அறிக்கைகளில் அது ஒப்புக்கு அரைப்பக்கம். இங்கே அதற்கு நெருங்கிய ஒரு தெரிவு உண்மையில் வலுவானது: படகுப் பாதையின் ஒடுங்கிய கீற்றை மட்டும் அள்ளி, மற்றதை மணல் போட்டு மூடி, கழிவு எண்ணெய்க்குக் கரையில் ஒரு பீப்பா வைத்து, அதை மாதாமாதம் எடுத்துப் போக ஆள் ஒழுங்கு செய்வது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பீப்பாவைப் பற்றிச் சிரித்தார். “தம்பிமார் ஊத்துவாங்கள், எடுக்க வாறவன் வரமாட்டான்.” அனுபவப்பட்டவர் சொல். வருகிறவன் வராவிட்டால் மூன்றாம் மாதமே எண்ணெய் திரும்பவும் தண்ணீரில்தான்.

சட்டப்படி முழுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைப்பார்கள். பிரதேச செயலகத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் தடித்த புத்தகமாக இருக்கும் அறிக்கையை, இறால் படுகிற மாதத்தில் யார் போய் வாசிப்பது? சேறு போகும் வழியைக் காட்டும் ஒரு பெரிய படத்தைச் சங்கக் கட்டிடச் சுவரில் ஒட்டினோம். அதன் மேல் ஆட்கள் பேனையால் எழுதத் தொடங்கினார்கள். கிணறு இருக்கும் இடம், மாடு தண்ணீர் குடிக்கும் இடம், படத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதை. கொட்டும் இடத்தை மாற்றக் கடைசியில் அணி இணங்கியது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். புது இடம் குடியிருப்பில் இருந்து தூரம், அடியில் களிமண், சுற்றி வரம்பு கட்டலாம், அமிலம் வராமல் சுண்ணாம்பு கலக்கலாம். டிப்பர் ஓட்டம் நீளும்.

இன்னும் தீராதது நட்டஈடு. வேலை நடக்கும் மாதங்களில் தொழில் நிறுத்தப்பட்டால் படகுப் பதிவு வைத்திருப்பவருக்குக் கொடுப்பனவு உண்டு என்று வரைவில் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் பெண்களுக்குப் படகு இல்லை, பதிவும் இல்லை. அவர்களில் பலர் தனியாகக் குடும்பம் நடத்துபவர்கள். சேற்றில் நேரே கால் வைப்பவர்களும் அவர்களே, கலங்கல் வந்தால் முதலில் தொழிலை விடுபவர்களும் அவர்களே. மாதர் சங்கத்தின் உதவியோடு பெயர்ப்பட்டியல் எடுத்து ஒரு அட்டவணையாக இணைத்திருக்கிறேன். பதிவில்லாதவர்களை எப்படி உறுதிப்படுத்துவது என்று குழு கேட்டு அனுப்பியிருக்கிறது. கிராம சேவகரின் கடிதம் போதுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.