டம்டம்மில் எட்டு மணி நேரம்

கொல்கத்தாவில் ஜனவரி மாதச் சூரியன் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும் என்பதை நான் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. மதுரையில் பள்ளி விட்டு வந்து, காபி குடித்து முடித்து, மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுக்கப் போகும்போதுகூட வெளிச்சம் மிச்சமிருக்கும். அங்கே நான் விடுதியில் பையை வைத்துவிட்டு முகம் கழுவி வெளியே வருவதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. கையிலிருந்தவை மூன்று முழுப் பகல்கள். அவையும் குறுகிய பகல்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

2025ஆம் ஆண்டு பொங்கலுக்குப் பதினேழாம் தேதியையும் அரசு விடுமுறையாக அறிவித்ததால், எங்களுக்கு ஆறு நாட்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தன. பொங்கலன்று அக்கா வீட்டில் பானை இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் சென்னை வழியாக விமானம் ஏறினேன். நாற்பத்தெட்டு வயதில் நான் தனியாகச் செல்லும் முதல் பயணம் அது. "துணைக்கு ஒரு டீச்சரையாவது கூட்டிக்கிட்டுப் போ" என்று அக்கா இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால், ஓர் அருங்காட்சியகத்தில் ஒரே கல்லின் முன் இருபது நிமிடம் நிற்கும் என்னோடு வருவதற்கு எங்கள் பள்ளியில் யாருக்கும் பொறுமை கிடையாது என்பது இருபது ஆண்டுகளின் கல்விச் சுற்றுலாக்களில் நிரூபணமான உண்மை.

தங்கியது தெற்குக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவரும் பகுதி என்பதால் வாழையிலையும் கறிவேப்பிலையும் தொடுத்த பூவும் சாலையோரத்திலேயே கிடைக்கின்றன. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் எஸ்பிளனேடு. நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபரில் இந்த எஸ்பிளனேடிலிருந்துதான் பவானிப்பூர் வரை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் ஓடத் தொடங்கியது. இப்போது அங்கே இறங்கி வேறு தடத்துக்கு மாறினால், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே ஹவுராவுக்குப் போய்விடலாம். ஆற்றுக்குக் கீழே வரும் பகுதியைக் காட்ட, சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள். முக்கால் நிமிடத்தில் ஆறு முடிந்துவிடுகிறது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் செல்பேசியை உயர்த்திக்கொண்டிருந்ததால் அந்த நீலத்தை நான் பெரும்பாலும் அவர்களுடைய திரைகளில்தான் பார்த்தேன்.

ஆற்றைக் கடப்பதற்கு நான் சிபாரிசு செய்வது பாலத்தைத்தான். 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் எஃகு இருக்கிறது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவிட் அடித்தே இணைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட ஊன்றப்படவில்லை. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் நடைபாதையில் நின்றபோது என் கண் போனதெல்லாம் தொங்கு கம்பங்களின் அடிப்பகுதிக்குத்தான். வெற்றிலைச் சாற்றைத் துப்பித் துப்பியே அந்தக் கம்பங்களைக் காக்கும் எஃகு உறைகளின் தடிமனைப் பாதியாக அரித்துவிட்டதாகப் பொறியாளர்கள் கண்டுபிடித்து, பிறகு கண்ணாடி இழையால் மூடினார்களாம். அதன் மேலும் சிவப்புக் கறை இருந்தது. நம்மூர்ப் பேருந்து நிலையச் சுவர்களை நினைத்துக்கொண்டு, குறை சொல்லும் உரிமை எனக்கில்லை என்று நகர்ந்தேன்.

பாலத்தின் கிழக்குக் கரையில் படிக்கட்டு இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட்டில் வளர்ந்த மூக்குக்கு முதலில் ஏமாற்றம்தான். மல்லிகையின் ஆதிக்கம் இல்லை. எங்கு பார்த்தாலும் செவ்வந்தி நிறத்துத் துலுக்கச் சாமந்தி. ஆளுயரச் சரங்களைப் பாம்புபோல் சுருட்டித் தலையில் சுமந்தபடி ஆட்கள் ஓடி வருகிறார்கள். "தீதி, தீதி" என்று கத்திக்கொண்டே நம்மை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அக்கா என்பதைத்தான் அவ்வளவு அவசரமாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் பாபுகாட். சங்கராந்திக்குக் கங்காசாகரில் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிய சாமியார்களும் குடும்பங்களும் இன்னும் முகாம்களில் இருந்தார்கள். திருநீறு பூசிய ஒருவர் சார்ஜரில் செல்பேசியைச் செருகிவிட்டு அதன் அருகிலேயே காவலுக்கு அமர்ந்திருந்தார்.

விக்டோரியா நினைவகத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. வெள்ளைப் பளிங்கு, பெரிய தோட்டம், பெரிய வரிசை. மகாராணிக்காகத் திட்டமிட்ட மாளிகை 1921இல் திறக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தலைநகரத்தை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்துவிட்டார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. இந்திய அருங்காட்சியகம் வேறு கதை. 1814இல் தொடங்கப்பட்ட அதை ஊர்க்காரர்கள் "ஜாதுகர்", அதாவது மாய வீடு, என்கிறார்கள். பார்ஹுத் தூபியின் சிவப்புக் கல் வேலிகளின் முன் இருபது நிமிடம் அல்ல, ஒன்றரை மணி நேரம் நின்றேன். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யாரும் "போகலாமா" என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையை பார்க் தெரு தெற்குக் கல்லறைக்கு ஒதுக்கியிருந்தேன். 1767இல் திறந்த இடம். உள்ளே பாசி படிந்த கூம்புகளும் தூண்களும் மரங்களோடு உயரப் போட்டியிடுகின்றன. அங்கே வில்லியம் ஜோன்ஸ் படுத்திருக்கிறார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வேரிலிருந்து பிறந்திருக்கக்கூடும் என்று 1786இல் இந்த நகரில்தான் அவர் பேசினார். முப்பது ஆண்டுகள் கழித்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் எழுதிய எல்லிஸ், எங்கள் பக்கத்து ராமநாதபுரத்தில் 1819இல் இறந்துபோனார். பத்தாம் வகுப்புக்கு இதையெல்லாம் நடத்தும் நான், ஜோன்ஸின் உயரமான கல்லறைக் கூம்பின் முன் நின்று எல்லிஸின் பெயரை ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று மாலை காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளையும் காபி ஹவுஸையும் பார்த்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோக நொலேன் குர் சந்தேஷ் வாங்கினேன். குளிர்காலத்தில் மட்டும் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சியெடுக்கும் வெல்லமும், பாலைத் திரித்தெடுக்கும் சேனாவும் சேர்ந்த இனிப்பு அது. பன்னிரண்டு துண்டுகள். கடைக்காரர் அட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் மணியைக் குறித்து, குளிர்பெட்டி இல்லாவிட்டால் மறுநாள் இரவுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, மறுநாள் மதிய உணவுக்கு மதுரையில் இருப்பேன் என்றேன். கட்டி வெல்லமும் ஒன்று வாங்கினேன். அதைப் பாட்டாலி என்கிறார்கள்.

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு விமானம். விடுதியிலிருந்து நான்கு மணிக்குக் கிளம்பிய மஞ்சள் அம்பாசடரின் ஓட்டுநர், பனியில் முன்னால் போன லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே விமான நிலையம் இருக்கும் டம்டம் வரை ஓட்டினார். முனையத்துக்குள், பாதுகாப்புச் சோதனைக்கு முன்பாக, ஒரு மாதம் முன்புதான் திறந்திருந்த மலிவு விலைச் சிற்றுண்டிக் கடையில் பத்து ரூபாய்க்குத் தேநீர் குடித்தேன். அந்த நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். சோதனைக்கு அப்பால் அதே தேநீருக்குப் பல மடங்கு விலை.

ஆறரைக்கு வந்த முதல் குறுஞ்செய்தி, விமானம் எட்டரைக்கு என்றது. எட்டு மணிக்கு, ஒன்பதே முக்கால் என்றது. எங்களை ஏற்றிச்செல்ல வேண்டிய விமானம் பனியில் இறங்க முடியாமல் புவனேஸ்வருக்குத் திருப்பிவிடப்பட்டதாக வாயிலில் நின்ற ஒரு பெண் சொன்னார். அதில் எனக்குக் கோபமே இல்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது இறங்காத விமானிக்கு நான் நன்றிதான் சொல்வேன். பத்து மணிக்குப் பனி விலகி, கண்ணாடிக்கு வெளியே வெயில் அடிக்கத் தொடங்கி, மற்ற நிறுவனங்களின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய பிறகும் எங்கள் வாயிலில் ஒருவரும் இல்லாமல் போனதுதான் பொறுக்கவில்லை. புதிய நேரம் வரும்; அது நெருங்கும்; இன்னொரு மணி நேரம் கூடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று தவணை முறையில் கூட்டிக்கொண்டே போனால், அந்த ஆறு எப்போது வந்தது என்று பயணிக்குத் தெரிவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. பன்னிரண்டரைக்குத்தான் ஒருவர் உண்மையைச் சொன்னார்: விமானம் வந்துவிட்டது, ஆனால் விமானிகளின் பணிநேர வரம்பு முடிந்துவிட்டது, வேறு குழு வர வேண்டும். பணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த நேரத்தில் சென்னைக்கு வேறு விமானச்சீட்டு, நான் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு.

அதற்குள் என் மதுரை விமானமும் போய்விட்டது. அது முழுக்க என் முட்டாள்தனம். எழுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, சென்னையிலிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்தில் தனிச் சீட்டு எடுத்திருந்தேன். ஒரே முன்பதிவாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. இரண்டு சீட்டு என்றால் முதல் நிறுவனத்துக்கு நான் சென்னையோடு முடிந்த பயணி. இரண்டாவது நிறுவனத்துக்கு வராமல் போன பயணி.

மூன்று நாட்களாக எனக்குச் சுகமாக இருந்த தனிமை அந்த வாயிலருகே பெரும் உபத்திரவமாக மாறியிருந்தது. கழிப்பறைக்குப் போவதென்றால் தோள்பை, புத்தகக் கட்டு, சந்தேஷ் பெட்டி மூன்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்; திரும்பி வந்தால் இருக்கை போயிருக்கும். விசாரிக்கப் போனால் மின்செருகி போயிருக்கும். இரண்டாவது முறை நான் மூட்டைகளோடு எழுந்தபோது, எதிரில் இருந்த பெரியவர் தன் மடியிலிருந்த எக்ஸ்ரே உறையைத் தட்டிக்காட்டி, தாங்கள் எங்கும் போகப் போவதில்லை, வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவரும் அவருடைய மனைவியும் வேலூருக்குப் போகிறவர்கள். சுற்றிலும் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் கால்வாசிப் பேரிடம் அப்படியொரு பெரிய உறையோ, தடித்த கோப்போ இருந்தது. சென்னை விமானம் வங்காளத்துக்குப் பாதி ஆஸ்பத்திரி வண்டி என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அவருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தது. அந்தத் தேதிக்காக இரண்டு மாதம் காத்திருந்தார்களாம். அதைக் கேட்ட பிறகு என் மதுரைச் சீட்டைப் பற்றிப் புலம்ப வாய் வரவில்லை.

இரண்டு மணிக்கு நிறுவனம் ஒரு பொட்டலம் உப்புமாவும் பழச்சாறும் தந்தது. நான் சந்தேஷ் பெட்டியைத் திறந்தேன். பெரியவருக்குச் சர்க்கரை, கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அந்த அம்மா ஒன்றை எடுத்து, பாதியைக் கடித்து, எந்தக் கடை என்று கேட்டு, நான் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். வேறொரு கடையின் பெயரைச் சொல்லி, அங்கே வாங்கியிருக்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். தலையைச் சாய்த்தால், கூரை முழுவதும் தாகூரின் எழுத்துகளை அலங்காரமாகத் தீட்டியிருப்பது தெரியும். வங்க எழுத்தில் எனக்குத் தெரிந்த "க", "ம" இரண்டையும் தேடிக்கொண்டிருந்தேன்.

விமானம் மூன்று இருபதுக்குக் கிளம்பியது. சென்னையில் இறங்கியபோது ஆறு மணி ஆகப்போகிறது. வேலூருக்கு அவர்கள் பேசியிருந்த வாடகைக் காரின் ஓட்டுநரிடம், "பெரியவருக்கு உடம்பு முடியல, கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே, வழியில ரசம் சாதம் மாதிரி ஏதாவது வாங்கிக் குடுங்க" என்று தமிழில் சொல்லி அனுப்பினேன். பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்து பிடித்துக் கிளாம்பாக்கம் போனேன். பொங்கல் முடிந்த ஞாயிறு என்பதால் மொத்தத் தமிழ்நாடும் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தது. தெற்கே போகும் பேருந்தில் எனக்கு மூன்று பேர் இருக்கை முழுதாகக் கிடைத்தது. எதிர்ச்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியும் விளக்கு வரிசை அறுபடவே இல்லை.

மாட்டுத்தாவணியில் இறங்கியபோது அதிகாலை நாலரை மணி. கொல்கத்தா விடுதியை விட்டு இருபத்து நான்கரை மணி நேரம். ஹவுரா பக்கத்து ஷாலிமார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறியிருந்தால் ஏறத்தாழ அதே நேரத்தில், படுத்துத் தூங்கியபடியே சென்னை வந்திருப்பேன். ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருந்தேன். வராமல் போன சீட்டுக்கு வரித்தொகையையாவது திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பித்ததில், மூன்று வாரம் கழித்து அறுநூற்றுச் சொச்சம் வந்தது.

பெட்டியில் எஞ்சிய ஐந்து சந்தேஷும் புளித்துவிட்டிருந்தன. பாட்டாலி மட்டும் அப்படியே இருந்தது. அக்கா அதை முகர்ந்து பார்த்து, "நம்ம கருப்பட்டி மாதிரிதான் இருக்கு, புகை வாசம் கொஞ்சம் தூக்கல்" என்றாள். அன்று மாலையே தட்டிப் போட்டுப் பணியாரம் சுட்டாள்.