1989 ஜீப் செரோக்கியின் அடியில் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ்?

அமெரிக்காவில் பழைய ஜீப் செரோக்கி வாங்க நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் பேசும்போது பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அந்த 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி, ரேடியேட்டரைக் கவனித்துவந்தால் அது உடம்பு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, கையால் கியர் மாற்றும் வண்டியாக இருந்தால், எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டி யாருடையது என்பதுதான். அதிலும் வண்டி 1989 மாடல் என்றால், அதைக் கேட்காமல் விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

காரணம் இது. 4.0 எஞ்சின் செரோக்கிக்கு வந்தது 1987 மாடலில். அப்போது அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டி, பிரான்சின் பெஜோ நிறுவனம் செய்த பி.ஏ.10/5. அன்றைக்கு ஜீப்பை வைத்திருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ரெனோவின் பங்கு பெரியது. ரெனோ கைவைத்த நிறுவனத்தின் வண்டியில் பெஜோவின் கியர்பாக்ஸ் வந்து உட்கார்ந்தது வேடிக்கைதான். 1987 ஆகஸ்டில் கிரைஸ்லர் அந்த நிறுவனத்தை வாங்கியது. பிறகு 1989 மாடல் ஆண்டின் நடுவிலேயே பெஜோ பெட்டி கைவிடப்பட்டு, ஜப்பானின் ஐசின் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.15 வந்தது. அது 1999 வரை தொடர்ந்தது. 2000 மாடலிலிருந்து என்.வி.3550 என்ற வேறொரு பெட்டி வந்தது. ஆக, 1988 வண்டி என்றால் பெஜோ, 1990 வண்டி என்றால் ஐசின் என்று, யாரும் இடையில் மாற்றாதவரை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 1989 மட்டும் இரண்டாகவும் இருக்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பெயரளவில் இல்லை. ஏ.எக்ஸ்.15 அந்த எஞ்சினின் இழுவையைத் தாங்கக்கூடிய பெட்டி, டொயோட்டாவின் ஆர்.150, ஆர்.154 பெட்டிகளோடு ஒரே குடும்பம். பி.ஏ.10/5 அடிப்படையில் சாதாரண கார்களுக்காகப் பிறந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர ஓட்டமும் கொடுக்கும் பாரம் அதற்கு அதிகம். கெட்டால் பழுது பார்க்கப் பாகம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் கிடைப்பது அதைவிடக் கடினம். இதை வைத்துப் பெஜோவையே மட்டம்தட்ட வேண்டியதில்லை. ஊரில் மகிந்திரா ஜீப்புகளில் ஓடிய எக்ஸ்.டி.3.பி. டீசல் எஞ்சின் பெஜோவின் வடிவமைப்புதான்; அதை வைத்திருந்தவர்கள் இன்றும் நல்லதாகவே சொல்வார்கள். இங்கே பொருத்திய இடம்தான் பொருந்தவில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விற்பவரின் வாயை நம்ப வேண்டாம். பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. முப்பது வருடத்துக்கு மேலான வண்டி எத்தனை கை மாறியிருக்குமோ, அவருக்கே தெரிந்திருக்காது. கியர் லிவரின் தலையில் அச்சிட்ட வரைபடத்தையும் நம்ப வேண்டாம். அந்த உருண்டையை எந்தக் கடையிலும் வாங்கித் திருகிக்கொள்ளலாம். அடுத்து, பலரும் பெரிதாக நினைக்கும் வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலையில் தரும் அடையாள எண். 1989 செரோக்கியின் பதினேழு எழுத்துகளில் பத்தாவது எழுத்து கே என்றிருந்தால் அது 1989 மாடல். எட்டாவது எழுத்து எல் என்றிருந்தால் 4.0 எஞ்சின். கியர்பாக்ஸ் பெஜோவா ஐசினா என்று சொல்ல அதில் இடமே இல்லை. இருந்தாலும் அந்த எட்டாவது எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் தகட்டில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். இது வின் எண்ணைவிடப் பயனுள்ளது. 1988 இலையுதிர் காலத்தில் தயாரான வண்டி என்றால் அது 1989 மாடலாக விற்கப்பட்டிருந்தாலும் பெஜோ பெட்டியோடு வெளியே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1989 கோடைக்காலம் என்றால் ஐசின். நடுவில் உள்ள மாதங்களில் தேதி எதையும் முடிவு செய்யாது. தேதி தெளிவாக இருந்தாலும் அது ஆலையை விட்டு வெளியே வந்த நாளின் சாட்சி மட்டுமே. பெஜோ பெட்டி கெட்டுப்போய், காயலான் கடையிலிருந்து ஏ.எக்ஸ்.15 எடுத்து மாட்டிய செரோக்கிகள் ஏராளம். வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. ஆனால் எந்தக் காகிதத்திலும் அது எழுதப்பட்டிருக்காது.

ஆகவே அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். கையில் ஒரு டார்ச், ஒரு கம்பித் தூரிகை, கிரீஸ் கரைக்கும் திரவம், பழைய துணி போதும். வண்டி ஆறியிருக்கட்டும், சைலன்ஸர் குழாய் கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில்தான் போகிறது. செரோக்கி தரையிலிருந்து நல்ல உயரம் என்பதால் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஜாக் இல்லாமலே நுழைந்துவிடலாம். குளிர்காலச் சாலைகளில் உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் கண்ணாடி அணியாமல் படுக்காதீர்கள். தூரிகையை வைத்ததும் துருத்தூள் முகத்தில்தான் கொட்டும்.

கியர்பாக்ஸின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, உறையின் இரு பாகங்கள் சேரும் இணைப்புக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். பெஜோ பெட்டியின் அலுமினிய உறை, வேர்க்கடலையை நீளவாக்கில் பிளந்தாற்போல், இடது பாதி வலது பாதி என்று இரண்டாகச் செய்து சேர்த்தது. எனவே கோடு எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி, வண்டியின் நீளத்துக்கு இணையாக ஓடும். அதை இறுக்கும் போல்ட்டுகள் பக்கவாட்டில் குறுக்கே செல்லும். ஏ.எக்ஸ்.15 அப்படி இல்லை. முன்னால் ஒரு உறை, பின்னால் ஒரு உறை, இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு. பல்சக்கரத் தண்டுகளைத் தாங்குவது அந்தத் தட்டுதான். இணைப்புக் கோடுகள் குறுக்காக, பெட்டியைச் சுற்றிவரும். அடுத்தடுத்து இரண்டு கோடுகள், நடுவே அந்தத் தட்டின் விளிம்பு தெரியும். போல்ட்டுகள் முன்பின்னாகச் செல்லும். எண்ணெயும் மண்ணும் எவ்வளவு படிந்திருந்தாலும், ஒரு கையகல இடத்தைச் சுத்தம் செய்தாலே இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிடும். வேறு எந்த அடையாளத்தையும்விட நான் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் உறையை யாரும் மாற்றி ஏமாற்ற முடியாது.

குறுக்குக் கோடு கண்டதும் ஏ.எக்ஸ்.15 என்று முடிவுகட்டிவிடாமல் இன்னொரு வாய்ப்பையும் தள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் 2.5 லிட்டர் செரோக்கிகளில் வந்த ஏ.எக்ஸ்.5 அதே ஐசின் குடும்பம், அதே நடுத்தட்டு அமைப்பு, ஆனால் சிறியது, பலம் குறைந்தது. வின் எண்ணின் எட்டாவது எழுத்து இங்கேதான் உதவுகிறது. எல் என்றிருந்தால் வண்டி பிறக்கும்போதே ஆறு சிலிண்டர், ஏ.எக்ஸ்.5 இருக்க நியாயமில்லை. வேறு எழுத்து இருந்து, பானெட்டின் கீழே ஆறு சிலிண்டர் உட்கார்ந்திருந்தால், யாரோ எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சின்னப் பெட்டியை அப்படியே விட்டிருக்கலாம். ஏ.எக்ஸ்.15 என்றால் உறையின் அடிப்பரப்பில் குத்திய எண் வரிசை இருக்கும். அதில் முதல் இலக்கம் தயாரான வருடத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் மாதத்தையும் காட்டும். துரு தின்னாமல் இருந்தால், பெட்டி வண்டியோடு பிறந்ததா, பின்னால் வந்ததா என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

கிளட்ச் அமைப்பைப் பார்த்துச் சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அது 1989 வண்டியில் பாதிதான் உதவும். பி.ஏ.10/5 பெட்டிக்கும், 1993 வரையிலான ஏ.எக்ஸ்.15 பெட்டிக்கும் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே போகும் குழாய் மட்டுமே தெரியும். ஆகவே உள்ளே இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் 1989 வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்கின் வெளியே போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தால், 1994 அல்லது அதற்குப் பிந்தைய பாகங்கள் வந்திருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியை நான் கூடுதல் மகிழ்ச்சியோடு பார்ப்பேன். உள்ளே இருக்கும் ஸ்லேவ் கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வெளியே இருப்பதை மாற்றுவது அரைமணி வேலை.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் நீங்காவிட்டால், அல்லது உறை முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்து எதுவும் தெரியாவிட்டால், கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஐந்தாவது கியரின் விகிதம், அதாவது வெளித்தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் சுற்ற வேண்டிய அளவு, பி.ஏ.10/5 பெட்டியில் 0.72, ஏ.எக்ஸ்.15 பெட்டியில் 0.79, ஏ.எக்ஸ்.5 பெட்டியில் சுமார் 0.85. சாலையில் ஓட்டி ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்து இதைக் கணிக்க முயல்வது வீண், 3.07 விகித ஆக்ஸிலும் ஏறக்குறைய 27.7 அங்குல டயரும் உள்ள வண்டியில் மணிக்கு 60 மைல் வேகத்தில் பெஜோ பெட்டி என்றால் சுமார் 1,610, ஏ.எக்ஸ்.15 என்றால் சுமார் 1,765. பழைய மீட்டரில் அந்த நூற்றைம்பது சொச்சத்தை யார் நம்புவது? டயர் அளவு மாறியிருந்தால் அதுவும் போச்சு.

நின்ற இடத்தில் எண்ணுவது சிறந்தது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியர்பாக்ஸின் பின்னால் இருந்து இரு சக்கர ஓட்டம், நான்கு சக்கர ஓட்டம் என்று மாற்றித்தரும் டிரான்ஸ்பர் கேஸை இரு சக்கர ஓட்டத்தில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கியரை ஐந்தில் போடுங்கள். ஒருவர் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கவனிக்க வேண்டும். பற்களிடையே உள்ள தளர்வு தீரும்வரை சற்றுச் சுற்றிவிட்டு, புல்லியிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணத் தொடங்குங்கள். புல்லி பத்துச் சுற்று முடிக்கும்போது ஷாஃப்ட் ஏறத்தாழ பதினான்கு சுற்றை எட்டினால் அது பெஜோ. பன்னிரண்டே முக்காலை நெருங்கினால் ஏ.எக்ஸ்.15, பன்னிரண்டைத் தொடாமல் பதினொன்றே முக்காலில் நின்றால் ஏ.எக்ஸ்.5. ஏறக்குறைய ஒரு சுற்றோ அதற்கு மேலோ வித்தியாசம் என்பதால் கண் தப்பாது. என்.வி.3550 பெட்டியின் ஐந்தாவது கியர் 0.78 என்பதால் இந்த எண்ணிக்கையில் அதையும் ஏ.எக்ஸ்.15 பெட்டியையும் பிரிக்க முடியாது. 1989 வண்டியில் அது வந்து சேர்ந்திருப்பது அபூர்வம், சந்தேகம் இருந்தால் அதன் உறையில் உள்ள அடையாளத் தகட்டைத் தேடலாம்.

பெஜோ பெட்டி என்று தெரிந்தால் வண்டியை விட்டுவிட வேண்டுமா? உடம்பில் துருவில்லாமல், மற்றதெல்லாம் சரியாக இருந்தால் நான் விடமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிக்கு மதிப்பு எதுவும் போடாமல், என்றைக்காவது ஏ.எக்ஸ்.15 வாங்கி மாட்டப்போகும் செலவைக் கழித்தே விலை கேட்பேன். அந்தச் செலவைக் கணக்கிடும்போது பெட்டியை மட்டும் பார்க்கக் கூடாது. பெஜோ பெட்டியின் வெளித்தண்டில் 21 ஸ்ப்லைன்கள் (தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), ஏ.எக்ஸ்.15 பெட்டியில் 23. பழைய டிரான்ஸ்பர் கேஸை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த முடியாது. அதன் உள்வாங்கும் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும் அல்லது 23 ஸ்ப்லைனுக்குப் பொருந்தும் டிரான்ஸ்பர் கேஸையே சேர்த்து வாங்க வேண்டும். பெட்டி வாங்கும் இடத்திலேயே பெல் ஹவுசிங்கையும் கிளட்ச் பாகங்களையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஏ.எக்ஸ்.15 டாட்ஜ் டகோட்டா பிக்கப்களிலும் வந்தது என்பதால், காயலான் கடையில் "ஏ.எக்ஸ்.15 இருக்கிறது" என்று சொன்னால், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள், டகோட்டா பெட்டியை வெட்டாமல் ஒட்டாமல் செரோக்கியில் மாட்ட முடியாது.

வண்டியை வாங்கிய பிறகு கிளட்ச் செட் வாங்கப் போனாலும் இதே கேள்விதான் வரும். உதிரிபாகக் கடைக்காரர் வருடத்தையும் எஞ்சினையும் தட்டினால் 1989க்கு இரண்டு பட்டியல் திரையில் வரும். பெஜோவா ஐசினா என்று உங்களைத்தான் கேட்பார். அடியில் படுத்தபோது அந்த இணைப்புக் கோட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால் அதைக் காட்டிவிடலாம். தொலைவில் இருக்கும் வண்டியாக இருந்தால், பயணச்சீட்டு போடுவதற்கு முன்பே விற்பவரிடம் அந்தப் படத்தைக் கேளுங்கள். கியர்பாக்ஸின் அடியைத் துடைத்து எடுத்த ஒரே ஒரு படம். அதை அனுப்ப மனமில்லாதவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.